நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்குத் தோல் திடீரெனச் சிவந்து சூடேறுவது ஏன்? ராமநாதபுரம் கடற்கரை மக்களுக்கான கேள்வி பதில்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தக் கடற்கரை ஊரிலும், ஒருவருக்கு முகமோ காலோ சிவந்து கொதித்தால் வீட்டில் முதலில் சொல்வது "சூடு பிடிச்சிருக்கு" என்பதுதான். இளநீரோ மோரோ கொடுத்துப் படுக்க வைப்பார்கள். பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை. முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு மட்டும் அந்தப் படுக்க வைப்பதே உயிருக்கு உலை வைத்துவிடலாம். சுகரால் கால் மரத்துப்போனவர், காசநோய் மாத்திரை சாப்பிடுபவர், பார்க்கின்சன் உள்ளவர் ஆகியோருக்கும் இந்தச் சிவப்பு வேறு வேறு சேதி சொல்கிறது. சிவப்பு எந்த இடத்தில் தொடங்கி எங்கே நிற்கிறது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்ற இரண்டையும் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நரம்புக்கும் தோல் சிவப்பதற்கும் என்ன சம்பந்தம்?

தோலுக்கு அடியில் ஓடும் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குவதும் விரிப்பதும் தன்னியக்க நரம்புகளின் வேலை. நாம் நினைத்து அவற்றை இயக்க முடியாது. குழாய் விரிந்தால் ரத்தம் கூடுதலாக வந்து அந்த இடம் சிவந்து சூடாகும், சுருங்கினால் வெளுத்துக் குளிரும். வேர்வைச் சுரப்பிகளை நடத்துவதும் இதே நரம்புக் கூட்டம்தான். அதனால் நரம்பு தூண்டி வரும் சிவப்போடு பெரும்பாலும் வேர்வையும் சேர்ந்து வரும். மருந்தோ உணவோ ரத்தக் குழாயை நேராக விரித்துவிட்டால் தோல் சிவந்திருக்கும், ஆனால் அநேகமாகக் காய்ந்தே இருக்கும். இதற்கு விதிவிலக்கு உண்டு. என்றாலும் கையால் தொட்டுப் பார்த்து "ஈரமா, காய்ந்ததா" என்று குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

எங்கள் நிறத்தில் சிவப்பே தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது?

வெயிலிலும் உப்புக் காற்றிலும் உழைத்துக் கறுத்த உடம்பில் "சிவந்து போகும்" என்ற அடையாளத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். கருந்தோலில் அது அடர்ந்த பழுப்பாகவோ ஊதா கலந்த கறுப்பாகவோதான் தெரியும். சில நேரம் நிறம் மாறியதாகவே தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும். இரு கன்னம், இரு பாதம், காயத்துக்கு மேல், கீழ் என்று ஒப்பிட்டுத் தொட வேண்டும். காது மடல், உதட்டின் உள்பக்கம், கண்ணின் வெள்ளை, உள்ளங்கை ஆகிய இடங்களில் நிற மாற்றம் எளிதில் தெரியும். போட்டோ எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுங்கள். டியூப்லைட் வெளிச்சம் நிறத்தை மாற்றிக் காட்டும்.

அண்ணன் பனையிலிருந்து விழுந்து மூன்று வருடம் ஆகிறது. நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. சில நாள் திடீரென முகமும் கழுத்தும் கொதித்து, வேர்த்துக் கொட்டி, மண்டை இடிக்கிறது என்கிறார். காலெல்லாம் சில்லிட்டு மயிர்க்கூச்செறிகிறது. இது என்ன?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே மிக அவசரமான கேள்வி. இதன் பெயர் தன்னியக்க மீறல்வினை. ஆஸ்பத்திரியில் 'ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா' என்று சொல்லுங்கள். முதுகுத்தண்டில் டி6 எனப்படும் மார்புக் கணு அளவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். தோராயமாகச் சொன்னால், நெஞ்சுக்குழி அளவிலோ அதற்கு மேலேயோ உணர்வு நின்றுபோனவர்கள்.

நடப்பது இதுதான். உணர்வில்லாத பகுதியில் ஏதோ ஒன்று உறுத்துகிறது. சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிற நிலையாக இருக்கலாம், மலம் இறுகியிருக்கலாம், காலில் கருவேல முள் ஏறியிருக்கலாம். வலி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி அதை உணர்ந்து வயிற்றிலும் காலிலும் உள்ள ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. பிரஷர் எகிறுகிறது. மூளை அதைத் தணிக்க இதயத் துடிப்பைக் குறைக்கிறது, குழாய்களை விரிக்கச் சொல்கிறது. அந்த உத்தரவு அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே போகாது. அதனால் மேல்பாதி மட்டும் சிவந்து வேர்க்கும், மூக்கு அடைக்கும், தலை தெறிக்கும். கீழ்பாதி வெளுத்துக் குளிர்ந்து கிடக்கும். இந்தக் கோடு பிரித்தது போன்ற தோற்றமே அடையாளம்.

இப்படி முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு வழக்கமான மேல் பிரஷர் 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதனால் 130, 140 என்று காட்டினாலே அவருக்கு அது ஆபத்தான ஏற்றம். "நார்மல்தானே" என்று மெஷினைக் கட்டி வைத்துவிடக் கூடாது. தன் வழக்கமான அளவைவிட 20 முதல் 40 வரை கூடினால் மீறல்வினை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக் கசிவும் ஏற்படலாம்.

அந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உட்கார வையுங்கள். முதுகு நேராக, கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்க வேண்டும். ரத்தம் காலுக்கு இறங்கினால் பிரஷர் கொஞ்சம் தணியும். படுக்க வைத்தால் இன்னும் ஏறும்.

அடுத்து, இறுக்கமாக உள்ள எதையும் அவிழ்த்து விடுங்கள்: கைலி முடிச்சு, பெல்ட், வயிற்றுக் கட்டு, கால் பைக்கான ஸ்ட்ராப், செருப்பு.

பிறகு யூரின் டியூபைத் தலை முதல் கடைசி வரை விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் தப்பு நடக்கிற இடம் பெரும்பாலும் இதுதான்: தொடைக்கு அடியில் டியூப் மடங்கிக் கிடக்கும், பை நிரம்பி இருக்கும், அல்லது பையைக் கட்டிலுக்கு மேல் தூக்கி வைத்திருப்பார்கள். மடிப்பை நீக்கி, பையைக் காலி செய்து, இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். அப்படியும் ஒழுகாவிட்டால் டியூப் அடைத்திருக்கிறது. பயிற்சி உள்ளவர் உடல் சூட்டில் உள்ள சலைன் 10 முதல் 15 மில்லி மட்டும் மெதுவாகச் செலுத்திப் பார்க்கலாம். உள்ளே போனது திரும்பி வராவிட்டால் இன்னும் செலுத்தாதீர்கள், டியூபை மாற்ற வேண்டும். வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்ற முயலக் கூடாது, பிரஷர் இன்னும் கூடும். டியூப் இல்லாமல் நேரத்துக்கு நேரம் குழாய் விட்டு எடுப்பவராக இருந்தால், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லி தடவி, இரண்டு நிமிடம் பொறுத்து, உடனே எடுத்துவிடுங்கள்.

சிறுநீர் சரியாக இருந்தும் தணியவில்லையா? மலக்குடலைப் பாருங்கள். கையுறை விரலில் லிக்னோகெய்ன் ஜெல்லியைத் தாராளமாக உள்ளே தடவி, சில நிமிடம் கழித்து மெதுவாக அகற்ற வேண்டும். ஜெல்லி இல்லாமல் விரலை விட்டால் அந்த உறுத்தலே பிரஷரை மேலும் தூக்கிவிடும். பிறகு உடம்பைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்: படுக்கைப் புண், விரலுக்குள் வளர்ந்த நகம், எறும்புக் கடி, வெயில் மணலில் வெந்த பாதம். உணர்வில்லாத காலை வெறுமனே கடற்கரை மணலில் வைத்திருந்ததால் கொப்பளித்ததை மணிக்கணக்கில் யாரும் கவனிக்காமல் விடுவதுண்டு.

இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிரஷர் பாருங்கள். காரணத்தை நீக்கியும் மேல் பிரஷர் 150ஐத் தாண்டி நின்றால், அல்லது காரணமே பிடிபடவில்லையென்றால், 108. வண்டியிலும் உட்கார வைத்தே கொண்டுபோங்கள். ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்த அவசர மருந்து இருந்தால் மட்டும் அதைக் கொடுக்கலாம். ஆண்மைக் குறைவு மாத்திரை (சில்டெனாஃபில், டடலாஃபில்) எடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அதன் மேல் நைட்ரேட் மருந்து கொடுத்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். சரியான பிறகும் குறைந்தது இரண்டு மணி நேரம் பிரஷரைக் கவனியுங்கள்.

வீட்டில் பிரஷர் மெஷின், உபரியாக ஒரு டியூப், ஜெல்லி, கையுறை இவற்றை ஒரே பையில் கட்டி வைப்பது நல்லது. அவருடைய வழக்கமான பிரஷர் எவ்வளவு என்று ஒரு அட்டையில் எழுதி அதனோடு போடுங்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் இந்த நிலையை அடிக்கடி பார்ப்பதில்லை. அந்த அட்டையைப் பார்த்தால்தான் 140 என்பது இவருக்கு எவ்வளவு அதிகம் என்று அவர்களுக்குப் புரியும்.

உணர்வு இழந்த பெண்கள் கர்ப்பமாக இருந்தால் பிரசவ வலியே இதைத் தூண்டும். அவர்களுக்கு முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்துவிட வேண்டும்.

சங்கு குளிக்கப் போய் வந்தவருக்குத் தோலெல்லாம் அரித்து, நெஞ்சிலும் வயிற்றிலும் செம்மையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக ஆகிறது. கால் கொஞ்சம் வலுவில்லை என்கிறார். இதுவும் அதுதானா?

இல்லை, செய்ய வேண்டியதும் வேறு. கம்ப்ரசர் குழாயில் மூச்சு இழுத்து ஆழத்தில் நீண்ட நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகிறது. அது தோலில் திட்டாகத் தெரியும், தண்டுவடத்தில் சேர்ந்தால் கால் விழுந்துபோகும். திட்டும் கால் பலவீனமும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இவரை மல்லாந்து சமமாகப் படுக்க வைக்க வேண்டும், உட்கார வைக்கக் கூடாது. கிடைத்த முதல் இடத்திலேயே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை இறங்கினார் என்பதைச் சொல்லிவிட்டால் அழுத்த அறை சிகிச்சைக்கு அனுப்புவது குறித்து டாக்டர் முடிவெடுப்பார். "திரும்ப ஒரு தடவை கீழே இறக்கினால் சரியாகிவிடும்" என்ற பேச்சைக் கேட்டு மறுபடி கடலில் விடாதீர்கள். கால் விழுகிற நேரத்தில் அவர் தண்ணீருக்குள்ளேயே செயலற்றுப் போகலாம்.

மதியம் சூரை மீன் குழம்பு சாப்பிட்டு அரை மணியில் வாப்பாவுக்கு முகம் கழுத்தெல்லாம் கொதித்துச் சிவந்து நெஞ்சு படபடத்தது. அவர் டிபி மாத்திரை சாப்பிடுகிறார், பாதத்தில் மதமதப்பும் இருக்கிறது. நரம்பா, அலர்ஜியா?

மீனும் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தக் கரையில் தினமும் மீன் சாப்பிடுகிறோம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சூரை, காணாங்கெளுத்தி, சாளை, சூடை போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் அதில் உள்ள பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஹிஸ்டமின்தான் அலர்ஜியில் நம் உடம்பே சுரக்கும் பொருள். இங்கே அது நேராகத் தட்டில் வந்துவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் அது அழியாது. மீன் நாறவும் வேண்டியதில்லை, பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். வாயில் மிளகு போல ஒரு சுரீர் என்ற காரம் தெரிந்தால் அதுவே எச்சரிக்கை. சாப்பிட்ட 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, வயிற்றோட்டம் வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும்.

இந்த ஹிஸ்டமினைக் குடலிலேயே உடைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. டிபிக்குத் தரும் ஐசோனயசிட் மாத்திரை அந்த நொதியைக் கட்டிப்போடும். வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அதே குழம்பு இவரை மட்டும் புரட்டிப்போடுவது இதனால்தான். நமக்கு அக்கரையில் உள்ள இலங்கையிலும், சூரை சாப்பிட்ட டிபி நோயாளிகளிடம் இது பதிவாகியிருக்கிறது. அதே ஐசோனயசிட் வைட்டமின் பி6ஐக் குறைத்துப் பாதத்தில் மதமதப்பும் எரிச்சலும் தரும். அதனால்தான் கூடவே பைரிடாக்சின் மாத்திரை தருகிறார்கள். வாப்பா அதைச் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சுகர் உள்ளவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் இந்த மதமதப்பு எளிதில் வரும்.

டிபி மாத்திரையை நிறுத்தாதீர்கள். சிகிச்சை முடியும் வரை சூரையையும் அதன் கருவாட்டையும் தவிர்த்து, வெண்சதை மீனாக வாங்குங்கள். வாங்கும்போதே பனிக்கட்டியில் இருந்த மீனாகப் பாருங்கள். நம் வெயிலுக்கு மீனின் எடைக்குச் சம எடை ஐஸ் வேண்டும். மேலே நாலு துண்டு தூவியது போதாது. இந்த முறை வந்ததற்கு டாக்டர் தரும் அலர்ஜி மாத்திரை போதும். மூச்சு இரைத்தாலோ, உதடு நாக்கு வீங்கினாலோ, மயங்கினாலோ அது வேறு, உடனே ஆஸ்பத்திரி. அதே மீனைச் சாப்பிட்ட வேறு யாருக்காவது கொஞ்சமாவது கொதித்ததா என்று விசாரியுங்கள். பலருக்கும் வந்திருந்தால் கெட்ட மீன். இவருக்கு மட்டும், புத்தம் புது மீனிலும் வந்தால் உண்மையான மீன் அலர்ஜியா என்று பார்க்க வேண்டும்.

பார்க்கின்சன் உள்ள அத்தைக்குக் கத்திரி வெயிலில் முகம் சிவந்து, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, துளி வேர்வை இல்லை. பேச்சும் குழறுகிறது.

காய்ந்த, சூடான, சிவந்த தோலோடு குழப்பமும் சேர்ந்தால் வெயில் அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில் வேர்வையை அடக்கிவிடும். சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின், நரம்பு எரிச்சலுக்கான அமிட்ரிப்டிலின், வலிப்புக்கான டோபிராமேட், ஜோனிசமைட் ஆகியவையும் அப்படித்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கரண்ட் போன மதியத்தில், இந்த மாத்திரைகளுடன் ஒருவர் படுத்திருப்பது உண்மையான ஆபத்து. ஆஸ்துமாவுக்கென்று ஊமத்தை சேர்த்த நாட்டு மருந்து எடுத்தாலும் இதே காய்ந்த சிவப்பும் பிதற்றலும் வரும்.

உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நினைவு மங்கினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறும். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. 108ஐ அழைத்துவிட்டு வண்டி வரும் வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். மறுநாள் பயந்துபோய் பார்க்கின்சன் மாத்திரை எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நிறுத்துவதும் தவறு. லெவோடோபாவைச் சட்டென்று விட்டால் உடம்பு இறுகி, அதுவே கடும் காய்ச்சலைக் கொண்டுவரும்.

கழுத்தில் அடிபட்டவர்களுக்கும் காயத்துக்குக் கீழே வேர்க்காது. மே மாதம் பகல் 11 முதல் 4 வரை அவர்களை வெளியே அழைத்துப் போக வேண்டியிருந்தால், ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய் அடிக்கடி உடம்பில் அடியுங்கள்.

சுகரால் கால் மரத்துவிட்டது. இப்போது ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது. வலியில்லை, புண்ணும் இல்லை. நடக்கலாமா?

நடக்கக் கூடாது. மரத்த பாதத்தின் எலும்புகள் நுணுங்கத் தொடங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். வலிக்காததால் ஆள் நடந்துகொண்டே இருப்பார், எலும்பு உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டே போகும், கடைசியில் உள்ளங்கால் படகின் அடிப்பலகை போல வெளியே பிதுங்கிவிடும். இரு பாதத்துக்கும் சூட்டு வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் சந்தேகம் பலமாகிறது. படுத்துக் காலை 5 முதல் 10 நிமிடம் உயர்த்தினால் சிவப்பு மங்கும். கிருமித் தொற்றாக இருந்தால் அநேகமாக மங்காது. ஆனால் இந்தச் சோதனையை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்று சொன்ன பிறகும் பாதம் சூடாகவே இருந்தால், சுகர் பாதம் பார்க்கும் இடத்தில் கட்டாயம் காட்டுங்கள். மாவுக்கட்டு போட்டு, எடை வைக்காமல் மாதக்கணக்கில் காப்பதுதான் சிகிச்சை.

இரவில் இரண்டு பாதமும் நெருப்பாக எரிந்து சிவக்கிறது. ஐஸ் தண்ணீர் வாளியில் விட்டால்தான் தூக்கம்.

அந்த வாளிதான் பிறகு புண்ணாக்கும். சூட்டில் கூடி, குளிரில் தணியும் இந்த எரிச்சல் சிவப்புக்கு எரித்ரோமெலால்ஜியா என்று பெயர். சுகர், மது, வைட்டமின் பி12 குறைவு போன்றவற்றால் நுண் நரம்புகள் கெடும்போதும் வரலாம், ரத்தத்தில் தட்டணுக்கள் மிகையானாலும் வரலாம். தட்டணு மிகையால் வருவதற்கு ஆஸ்பிரின் நன்றாகக் கேட்கும். ஆகவே முழு ரத்தப் பரிசோதனை செய்யாமல் "சுகர் எரிச்சல்" என்று முத்திரை குத்திவிடக் கூடாது. மணிக்கணக்கில் ஐஸில் ஊறிய தோல் நைந்து, மரத்த காலில் அழுகவே தொடங்கிவிடும். விசிறிக் காற்று, காலை உயர்த்தி வைத்தல், பானைத் தண்ணீர் அளவு குளிர்ந்த நீரில் 10 நிமிடத்துக்கு மேற்படாமல் நனைத்து உடனே துடைத்தல் போதும்.

தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிடும்போது பழைய தேமல் சிவந்து வீங்கிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

அது மருந்தின் கோளாறு அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியின் மீது திடீரெனப் பாய்வதால் வரும் 'ரியாக்‌ஷன்'. அந்தப் பாய்ச்சலில் பக்கத்தில் உள்ள நரம்பும் அடிபடும். முழங்கையின் உள்பக்கம் அல்லது முழங்காலின் வெளிப்பக்கம் அழுத்தினால் வலிக்கிறதா, கண் மூட முடிகிறதா, சுண்டுவிரலை விரிக்க முடிகிறதா, பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்று அன்றே பாருங்கள். ஒன்றில் குறை தெரிந்தாலும் அடுத்த மாதாந்திர தேதி வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஸ்டீராய்டு மருந்தை நேரத்துக்குத் தொடங்கினால், 6 மாதத்துக்குள் விட்டுப்போன நரம்பு திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கூட்டு மருந்தை நிறுத்தக் கூடாது, அது இலவசமாகவே கிடைக்கிறது. உடம்பில் சிவந்த, தொட்டால் வலிக்கும் கட்டிகள் காய்ச்சலோடு வந்தால் அது இன்னொரு வகை ரியாக்‌ஷன், அதற்கும் அதே அவசரம். கிளோஃபசிமைன் மாத்திரையால் தோல் செம்பழுப்பாகக் கறுப்பது மட்டும் ஆபத்தில்லாத நிறமாற்றம். மருந்து முடிந்தபின் மெல்ல மங்கும்.

முகத்தில் ஒரு பாதி மட்டும் சிவந்து வேர்க்கிறது. சிவந்த பக்கம்தானே கெட்ட பக்கம்?

பெரும்பாலும் தலைகீழ்! சிவக்காமல், வேர்க்காமல் வெளுத்திருக்கும் பக்கத்தில்தான் நரம்பு பழுதாகியிருக்கும், மறுபக்கம் வழக்கமான வேலையைச் செய்கிறது. வெளுத்த பக்கத்தில் இமை சற்றே இறங்கி, கண்மணி சிறுத்திருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே உட்பட முழுப் பரிசோதனை தேவை, குறிப்பாகப் புகைப்பவர்களுக்கு. நுரையீரல் உச்சியில் வரும் கட்டியும் இப்படிக் காட்டிக்கொடுக்கும்.

காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, பல மாதம் கழித்துச் சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கன்னம் சிவந்து வேர்ப்பதுண்டு. உமிழ்நீருக்கான நரம்பு வளரும்போது வழி மாறி வேர்வைச் சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடுவதே காரணம். போலந்து நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரே 1923இல் இதை விளக்கியதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஆபத்தில்லை. தொந்தரவாக இருந்தால் போட்டாக்ஸ் ஊசி கேட்கும்.

ஒரு கண் சிவந்து நீர் கொட்டி, அந்தப் பக்கம் பொறுக்க முடியாத வலி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை, நாள்தோறும் ஏறக்குறைய அதே நேரத்தில் வந்தால் கொத்துத் தலைவலியாக இருக்கலாம். இதற்கு முகமூடி வழியாகத் தரும் ஆக்சிஜன் நன்றாக வேலை செய்யும். வலி மாத்திரையை அள்ளி விழுங்குவதில் பயனில்லை.

மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். கட்டு பிரித்த பிறகு கை சிவந்து, வீங்கி, துணி பட்டாலே துடிக்கிறார்.

எலும்பு கூடியும் நரம்பு அடங்காமல் நிற்கும் வலி நோய் இது. கையைத் துணியில் தொட்டில் கட்டி அசையாமல் வைத்திருந்தால் விரல்கள் நிரந்தரமாக இறுகிவிடும். பிசியோதெரபியை முதல் வாரங்களிலேயே தொடங்க வேண்டும். வலி பொறுக்கும் அளவுக்கு விரலை மடக்கி நீட்டுவது, வெவ்வேறு துணிகளைத் தொடப் பழக்குவது. பக்கவாதத்தில் விழுந்த கையிலும் இதே மாதிரி வரும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகினால் நிலைமை மோசமாகும்.

எந்தெந்த மருந்துகள் முகத்தைச் சிவக்க வைக்கும்?

பிரஷருக்கான அம்லோடிபின், நிஃபெடிபின், நெஞ்சுவலிக்கான நைட்ரேட், ஆண்மைக் குறைவு மாத்திரைகள், மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி, கொழுப்புக்கான நிக்கோடினிக் அமிலம் ஆகியவை வழக்கமானவை. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோய்க்கான டைமெத்தில் ஃபியூமரேட் பலருக்குச் சிவப்பைத் தரும். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போட்டால் குறையும், முதல் மாதத்துக்குப் பின் தானே அடங்குவதும் உண்டு. கிருமித் தொற்றுக்கு டிரிப்பில் ஏற்றும் வான்கோமைசினை வேகமாக ஏற்றினால் கழுத்து, நெஞ்சு சிவந்து அரிக்கும். குறைந்தது ஒரு மணி நேரமாவது எடுத்து ஏற்ற வேண்டும். கிருமித் தொற்றுக்கான மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிடும்போதும் முடித்த 3 நாளுக்குள்ளும் மதுவோ கள்ளோ குடித்தால் முகம் கொதித்து, வாந்தியும் படபடப்பும் வரும் வாய்ப்பு உண்டு.

நீண்ட நாள் குடிப்பவருக்குக் கழுத்தைச் சுற்றியும் இரு புறங்கையிலும் வெயில் பட்ட இடம் மட்டும் செவ்வையாகச் சிவந்து உரிந்தால், நயாசின் (வைட்டமின் பி3) குறைவு. இதை வெயில் கருக்கல் என்று விட்டால் பிறகு வயிற்றோட்டம், புத்தி தடுமாற்றம் என்று போகும்.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்? எங்கே போவது?

ஒரு நோட்டில் நாலு விவரம்: வந்த நேரம், எத்தனை நிமிடம் நின்றது, உடம்பில் எந்த இடத்தில் தொடங்கி எந்தக் கோட்டில் நின்றது, வேர்த்ததா காய்ந்திருந்ததா. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டது, குடித்தது, விழுங்கிய மாத்திரை, மலம் சிறுநீர் போனது. பிரஷரும் நாடித்துடிப்பும் எடுத்திருந்தால் அதுவும். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, அப்படியே எடுத்துப் போங்கள். பெண்ணுக்கு 45 வயதைச் சுற்றி என்றால் மாதவிலக்கு எப்படி என்பதையும் எழுதுங்கள். சில நிமிடம் வந்து போகும் வேர்வைக் கொதிப்பு, நரம்பு நோய் உள்ள பெண்ணுக்கும் மாதவிலக்கு நிற்பதால் வரலாம். சிவப்போடு அடிக்கடி வயிற்றோட்டமும் இருந்தால் ஹார்மோன் சுரக்கும் கட்டிக்கான பரிசோதனை தேவைப்படும், அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

அவசரமில்லாதவற்றுக்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிப் போகலாம். நரம்பியல் நிபுணரிடம் காட்ட வேண்டியிருந்தால் அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் இந்த நோட்டைக் காட்டுங்கள். ராமேசுவரம், பாம்பன் பகுதியில் இருந்து இரவில் கிளம்புவதாக இருந்தால், 108க்குப் பேசும்போதே "முதுகுத்தண்டு அடிபட்டவர், பிரஷர் இவ்வளவு, உட்கார வைத்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். வண்டியில் வருபவர் பழக்கத்தில் படுக்க வைக்க முயன்றால், உட்கார்ந்தபடியே கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள்.